சூப்புத் தட்டில் ரசம்: கீழ்மலையில் ஐந்து நாள்

முதல் நாள்

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், செம்பட்டி என்று பஸ் மாறி மாறி வத்தலக்குண்டில் இறங்கியபோது மணி பதினொன்றரை. மார்ச் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் மாமாவின் இறப்புச் சான்று ஆறு நகல், வங்கி அனுப்பிய நோட்டீஸ் ஒன்று, மாற்றுத்துணி. பையில் அடங்காத ஸ்வெட்டர் மடியில். இந்த வெயிலில் மடியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்து சீட்டு அம்மா வழி நெடுக ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிற கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் 62 ஏக்கர் காபித் தோட்டம், அதன் உச்சியில் ஒரு பங்களா, அந்தப் பங்களாவுக்குள் எழுபத்தொன்பது வயது வரைக்கும் ஒற்றை ஆளாக ஒரு ராஜாங்கம். போன தை மாதம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். உயில் எழுதவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இதற்கெல்லாம் வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். மனைவி, மக்கள், தாய் இல்லையா, தகப்பனைப் பார். அவரும் இல்லையா, கூடப் பிறந்தவர்களைப் பார். அவர்களும் போய்விட்டார்களா, அவர்கள் பெற்றதுகளைப் பார். அப்படித் தேடிக்கொண்டே வந்து கடைசியில் என் மேலும் என் தம்பி மேலும் நின்றது. தம்பிக்கு ஓசூரில் வேலை, லீவு இல்லை. "நீதானக்கா கணக்குப் பாக்குறவ, நீயே போய்ப் பாத்துட்டு வந்துரு" என்று சொல்லிவிட்டான். பனியன் கம்பெனியில் இருபது வருஷம் கணக்கு எழுதியதற்கு இப்படி ஒரு மரியாதை.

வத்தலக்குண்டில் முதல் வேலை வக்கீலைப் பார்ப்பது. மாடியில் ஆபீஸ், கீழே வெற்றிலை மண்டி. ஈரச் சாக்கும் வெற்றிலையும் கலந்த வாசம் மேலே வரைக்கும் வந்தது. வக்கீல் வயதானவர், நிதானமாகப் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. செத்தவரு கடனுக்கு அவரு விட்டுட்டுப்போன சொத்துதான் பொறுப்பு. உங்க சம்பளத்தையோ வீட்டையோ எவனும் தொட முடியாது."

"அப்ப இந்த நோட்டீசு?"

"அது 2002-ல வந்த சர்ஃபாசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கலாம்னு சொல்றது. விவசாய நிலத்து மேல அது பாயாதுன்னு அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கு. ஆனா காபித் தோட்டம் விவசாய நிலமா இல்லையான்னு கேட்டா, அங்கதான் வழக்கு. கர்நாடகாவுல குடகு, சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்து பெரிய கூப்பாடு ஆகிப்போச்சு. நாம பதில் போடுவோம், இழுக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொண்ணு. மேல போனீங்கன்னா ஆளாளுக்கு நோட்டைத் தூக்கிட்டு வருவாங்க. வாயால என்ன வேணாலும் சொல்லுங்க, கையெழுத்து மட்டும் எதுலயும் போட்டுராதீங்க. மூணு வருஷம் தாண்டுன கடன் கோர்ட்டுக்குச் செத்த கடன். நீங்க எழுதிக் குடுத்தா அது எந்திரிச்சு உக்காந்துரும்" என்றார்.

பீஸ் வாங்க மறுத்துவிட்டார். மாமா மேல் அவ்வளவு மரியாதையாம். வெளியே வந்தபிறகுதான் தோன்றியது, மாமா இவருக்கும் பாக்கி வைத்திருப்பாரோ என்று.

தாண்டிக்குடி பஸ் பட்டிவீரன்பட்டி வழியாகப் போனது. கீழ்மலைக் காபியால் தலையெடுத்த ஊர். சென்னைப் பாண்டி பஜாரின் பெயரில் இருக்கிற டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இந்த ஊர்க்காரர்தான். அய்யம்பாளையம் தென்னந்தோப்புகள், சித்தரேவு, அப்புறம் வளைவு வளைவாக மலை. பெரும்பாறையில் பஸ் நின்றபோது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

பங்களாவைச் சமையல்காரத் தாத்தா திறந்து வைத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஊருக்கே அவர் 'பட்லர்'தான். என்னை நான்காம் வகுப்பு லீவில் பார்த்த ஞாபகத்தில் இன்னும் "பாப்பா" என்கிறார். எனக்கு வயது நாற்பத்தாறு.

ஏழரைக்கு மணி அடித்தது. நிஜமான வெண்கல மணி, வராந்தாத் தூணில் தொங்குவது. வீட்டில் இருப்பது நானும் அவரும். நான் அவர் கண் முன்னாலேயேதான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் போய் மூன்று அடி அடித்துவிட்டு வந்து, "சாப்பாடு ரெடி, வாங்க" என்றார். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையின் ஒரு ஓரத்தில் எனக்கு இடம். பட்லர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பித்தளைப் பித்தான்களில் இரண்டு இல்லை, அந்த இடத்தில் ஊக்கு. முதலில் சூப்பு. நீல விளிம்பு போட்ட பள்ளத் தட்டு, பக்கத்தில் வட்டக் கரண்டி. ஒரு வாய் வைத்தேன். தக்காளி ரசம். பெருங்காயமும் கறிவேப்பிலையுமாக, அசல் நம் வீட்டு ரசம். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டு அதே ரசத்தைச் சோற்றோடு மறுபடி கொண்டுவந்தார். கடைசியில் 'புடிங்' என்று ரவா கேசரி, அச்சில் போட்டுக் கவிழ்த்தது.

"துரை இருந்தா கோட்டு போடாம மேசையில உக்கார விடமாட்டாரு பாப்பா" என்றார், என் ஸ்வெட்டரைப் பார்த்தபடி.

இரண்டாம் நாள்

காலையில் ரைட்டர் வந்தார். தோட்டத்துக் கணக்கு, பேர் போடுவது, கூலிப் பட்டுவாடா எல்லாம் இவர் கைதான். இரண்டு பேருமாகத் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். முழுக்கச் சுற்ற மூன்று மணி நேரம் ஆனது. பாதி நேரம் நான் மூச்சு வாங்கியது.

இந்தத் தோட்டத்தைத் தாத்தா ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினார். மேசை, நாற்காலி, சூப்புத் தட்டு, ஏழரை மணி எல்லாம் சேர்த்துத்தான் கிரயம் என்று அம்மா சிரிப்பாள். கன்னிவாடி மாதிரி பரம்பரை ஜமீன் எல்லாம் இல்லை நாங்கள். கீழே ஜமீன்களை 1948-ஆம் வருஷச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மேலே எங்கள் தாத்தா புதிதாகத் 'துரை' ஆனார். நிலச் சீர்திருத்தச் சட்டமும் எங்களைத் தொடவில்லை. குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் என்று உச்சவரம்பு வந்தபோதும் காபி, டீ, ஏலம், ரப்பர், சின்கோனாத் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதாவது இந்த 62 ஏக்கர் எங்களிடம் இருப்பதே அதில் காபி நிற்பதால்தான். காபி நிற்கிறதா என்பதைத்தான் இன்றைக்குப் பார்த்தேன்.

தாண்டிக்குடியிலிருந்து வரும் பாதையோரம் காடு மாதிரி இருக்கும் என்று என் ஞாபகம். பலா, முள்முருங்கை, சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி, நடுநடுவே பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற விருப்பாச்சி வாழை. லீவுக்கு வந்தால் பகலிலும் இருட்டாக இருக்கும், நான் பயப்படுவேன். இப்போது பாதிக்கு மேல் வெட்டவெளி. காபிச் செடி வெயிலில் நிற்கிறது.

ரைட்டர் ஒரு செடியின் அடித்தண்டைக் காட்டினார். பட்டையில் நரம்பு புடைத்த மாதிரி வளையம் வளையமாக மேடு. இலை மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தது. செடியை அசைத்தார், லேசாக முறிந்து கையோடு வந்துவிட்டது. அரிவாளால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே பென்சில் நுழைகிற அளவுக்குக் குகை, குகை நிறைய மரத்தூளை இடித்து அடைத்தது போல் கெட்டியாக இருந்தது. அதைக் குத்தி எடுத்தால் கடைசியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புழு, தலைப்பக்கம் அகலமாக. வெளிச்சம் பட்டதும் மெதுவாக வளைந்தது.

"போரருங்க. வெள்ளைத் தண்டுத் துளைப்பான்னு சொல்வாங்க. வண்டு பட்டை இடுக்குல முட்டை வைக்கும். நெழல் இருந்தா வராது, வெயில் பட்ட செடியாப் பாத்துத்தான் வைக்கும். புழு உள்ள போயிட்டா மருந்தெல்லாம் எட்டாது. செடியப் புடுங்கி எரிக்கணும், அவ்வளவுதான்."

"நிழல் எங்கே போச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகு ஒரு சரிவில் வரிசையாக அடிக்கட்டைகள். எண்ணிப் பார்த்து நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன்.

மெதுவாக வந்தது கதை. 1942-ஆம் வருஷக் காபிச் சட்டத்திலிருந்து விளைந்ததை அரசின் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தருவார்கள். லாபம் கொழிக்காது, ஆனால் குப்புறவும் விழாது. 1992-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து, 1996-இல் முழுக்க விட்டுவிட்டார்கள். நடுவே 1994-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து உலகம் பூராவும் விலை ஏறியது. மாமாவின் பொற்காலம் அது. பழத்தோல் உரிக்கிற புதுப் பல்பர் மிஷின், பங்களாவுக்குப் புதுக் கூரை, கொடைக்கானல் கிளப்பில் விருந்து, எல்லாவற்றுக்கும் வங்கி தேடி வந்து கடன் கொடுத்தது. 2001-இல் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அரபிகா ஐம்பது சென்ட்டுக்கும் கீழே போனது. பறிப்புக் கூலி கூடத் தேறவில்லை. கடன் மட்டும் விலை உச்சத்தில் இருந்த 1997 கணக்கிலேயே நின்றது.

வட்டி கட்ட மாமா மரம் விற்றார். மலையில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் குழு பார்த்து அனுமதி தர வேண்டும். அனுமதி வாங்கித்தான் வெட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு நோட்டீசுக்கும் ஒரு சரிவு. சில்வர் ஓக் போனபோது அதில் ஏறியிருந்த மிளகும் போனது. நிழல் போன இடத்தில் போரர் வந்தது. விளைச்சல் இறங்கியது, இன்னும் கொஞ்சம் மரம் விற்றார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, விற்காமல் விட்டிருந்த மரங்களைப் படுக்கவைத்தது. ஒரு காலத்தில் 300 மூட்டை கண்ட தோட்டம், இந்த வருஷம் 60.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், போன மாதம், 2025 பிப்ரவரியில், அதே நியூயார்க்கில் அரபிகா நாலு டாலரைத் தாண்டிவிட்டது. என் வயதுக்கு இப்படி ஒரு விலையைப் பார்த்ததில்லை. விற்கத்தான் காபி இல்லை.

திரும்பும் வழியில் எதிரே குதிரைகள் வந்தன. முதுகில் வாழைத்தார். ஜீப் போகாத சரிவுகளில் இன்னமும் அவைதான் லாரி. ஒதுங்கி நின்று வழி விட்டோம். ராத்திரி ஏழரைக்கு மணி, சூப்பு. இன்றைக்கு முருங்கைக்கீரை.

மூன்றாம் நாள்

நாள் முழுக்க ஆபீஸ் ரூம். தாத்தா காலத்து மேசை, இரும்புப் பெட்டி, சுவரில் ஒரு காட்டுமாட்டுத் தலை. தாத்தா சுட்டது. கண்ணாடிக் கண் ஒன்று விழுந்துவிட்டது, காதில் பூச்சி அரித்து வைக்கோல் தெரிகிறது. மாமா அதற்கு உடைமைச் சான்று வாங்கிப் பத்திரமாக ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், இந்த மாதிரிப் பொருள் வாரிசுக்கு வந்தால் 90 நாளைக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சொத்தில் முதலில் கெடு வைத்துத் துரத்துவது இந்தத் தலைதான். அது நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத்தான் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. இடம் மாற்றி உட்கார்ந்தேன்.

மாமாவின் கணக்கு எழுத்து அழகோ அழகு. பச்சை மசி, பவுண்டன் பேனா, வரி பிசகாத எண்கள். எங்கள் கம்பெனியில் இப்படி எழுத ஒரு ஆள் கிடையாது. எழுதியிருப்பதெல்லாம் கடன்.

வங்கிக் கடன் அசல் 38 லட்சம், வட்டியோடு 61. கீழே ஒருவரிடம் 2017-இல் வாங்கிய கைமாற்று 9 லட்சம். அவர் மத்தியானம் நேரிலேயே வந்துவிட்டார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பிளாஸ்டிக் கவரில் புரோநோட்டு. துக்கம் விசாரித்தார், காபி குடித்தார், கிளம்பும்போது, "இத ஒரு தடவ புதுப்பிச்சு எழுதிட்டா நல்லாருக்கும்ல தாயி" என்றார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வட்டியாகவே அவர் வாங்கியது 11 லட்சம் என்று மாமாவின் பச்சை மசி சொல்கிறது. அவருக்கும் அது தெரியும் போல, வற்புறுத்தவில்லை.

அப்புறம் பணிக்கொடை. இது வங்கி நோட்டீசில் வராத கடன். 1972-இல் வந்த சட்டம், ஒரு வருஷச் சேவைக்கு 15 நாள் கூலி. வேலையை விட்ட 30 நாளில் கொடுத்துவிட வேண்டும். தோட்டங்களுக்கும் உண்டு. ஆள் வருகையும் கூலியும் எழுதுகிற செக்ரோலை வைத்துப் பார்த்தால் வேலையிலிருந்து நின்று, பணம் வாங்காதவர்கள் பதினாலு பேர். அதில் ஒரு அம்மா 38 வருஷம் பழம் பறித்தவர். 38-ஐப் பதினைந்தால் பெருக்கினால் 570 நாள் கூலி. ஒன்றரை வருஷத்துக்கும் மேலான சம்பாத்தியம் இந்த இரும்புப் பெட்டிக்குள் தூங்குகிறது. அந்த அம்மா சாயங்காலம் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்றது. "உக்காருங்கம்மா" என்று சொல்வதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவே ஒரே ஒரு கணக்கில் பாக்கி சுத்தம். கொடைக்கானல் கிளப். மாதம் பிறந்து பத்து தேதிக்குள் சந்தா கட்டிய ரசீது, ஊசி குத்தி, தேதிவாரியாக. ஒரு மாதம் தவறவில்லை. கஜா அடித்த நவம்பரிலும்.

மாமா மேல் கோபம் வந்தது. ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. காய்ச்சலில் கிடந்த எனக்கு ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டவர். அந்தக் கிளப்புக்குப் போகாமல் விட்டிருந்தால், கடன்காரர்கள் ஒரே வாரத்தில் வந்து வரிசை கட்டியிருப்பார்கள் என்று ரைட்டர் சொல்கிறார். இருக்கலாம். துரை கோட்டு போடுகிறவரைக்கும் கடன் கேட்கக் கூசுவார்கள். எங்கள் திருப்பூரில் இதற்கு வாடகைக் காரில் வந்து இறங்குவது என்று பெயர்.

மாலையில் தாண்டிக்குடிக்கு நடந்து மளிகைக் கடைப் பற்றுநோட்டைக் கேட்டு வாங்கினேன். பங்களாக் கணக்கு, பாக்கி 41,300. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். தொழில் புத்தி, முதலில் வரவைத்தான் பார்ப்பேன். 'பட்லர் கையில் ரொக்கம் 500.' 'பட்லர் ரொக்கம் 800.' 'பட்லர் 300.' பக்கம் பக்கமாக. மாமா பெயரில் ஒரு வரவும் இல்லை. கடைக்காரரைக் கேட்டேன். "அவரு மகன் உங்க ஊர்லதாங்க, திருப்பூர்ல, பனியன் கம்பெனியில தைக்கிறாப்ல. மாசமானா அப்பாவுக்கு அனுப்புவாப்ல" என்றார்.

ஊரின் முருகன் கோயில் வழியாகத்தான் திரும்ப வேண்டும். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனான், அதனால் தாண்டிக்குடி என்பார்கள். உள்ளே போகவில்லை, வாசலில் செருப்போடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏழரைக்கு மணி அடித்தது. நீல விளிம்புத் தட்டு. கரண்டியை எடுத்தேன், வாய்க்குப் போகவில்லை.

"தாத்தா, இந்தத் தக்காளி யாரு காசு?"

கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே நின்றார்.

"மணி அடிக்கணும்ல பாப்பா. அடிச்சா மேசையில ஏதாச்சும் இருக்கணும்ல."

நான்காம் நாள்

பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் போய் வந்தேன். கிளப்பில் மாமாவின் டெபாசிட்டைத் திரும்ப வாங்க விண்ணப்பம். 500 ரூபாய். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் காட்டினார்கள். ஜன்னலோரம், ஏரி தெரியாது, கார் நிறுத்துமிடம்தான் தெரிகிறது. யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வசதி.

ஏரிக்கரையில் கூட்டம். 1863-இல் வேர் ஹென்றி லெவிஞ்ச் கட்டிய ஏரி, இன்றைக்குச் சுற்றிலும் சைக்கிளும் சோளக்கதிரும். ஒரு ஆளுக்குத் தகவல் போயிருக்கிறது போல, போன் பண்ணினார். பங்களாவை ரிசார்ட் ஆக்கலாமாம், பழைய சாமான்களை அப்படியே வைத்து, மணியடித்துச் சாப்பாடு போட்டால் சென்னைக்காரர்கள் விரும்புவார்களாம். மலைப்பகுதியில் அப்படிக் கட்டடத்தை நினைத்தபடி மாற்ற முடியாது, 1990-இலிருந்து அதற்கென்றே ஒரு குழுமம் இருக்கிறது என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றார். பட்லர் கோட்டுக்குப் பித்தான் வாங்கித் தருவாரா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். ஊருக்கு வந்து சேர இருட்டிவிட்டது, பாதையில் காட்டுமாடு நின்று ஜீப்பை இருபது நிமிஷம் மறித்தது. சுவரில் தொங்குவதைவிட உயிரோடு பார்க்க எவ்வளவோ மேல்.

ஐந்தாம் நாள்

விடியற்காலையில் குளிர். வாசலில் ரைட்டர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமழைக்குக் காத்திருக்கிறார்கள். இந்த மாதம் ஒரு அங்குலம் நன்றாகப் பெய்துவிட்டால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். மேற்குச் சரிவில் மாமா விற்காமல் விட்ட பதினெட்டு ஏக்கர் இன்னும் நிழலோடு இருக்கிறது. அங்கே போரர் அவ்வளவாக இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வங்கியோடு பேசித் தீர்க்கலாமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இழுத்துப் பிடித்தால் பணிக்கொடை பதினாலு பேருக்கும் இரண்டு சீசனில் தேறும். தேறாமலும் போகலாம். தம்பி ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்புவதற்கு முன் பட்லரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அந்த மேசையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லையாம். சரி என்று நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய் அங்கே இருந்த மணைப்பலகையில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார்.

சம்பள நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு. 2014 மார்ச் முதல், மாதத்துக்கு ஒரு வரி. 'சம்பளம் 6,000. பாக்கி.' ஒவ்வொரு வரிக்கும் நேரே பச்சை மசியில் மாமாவின் சின்னக் கையெழுத்து. கொடுக்காவிட்டாலும் கொடுக்கவில்லை என்பதை மாதம் தவறாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். 2020 நடுவில் கையெழுத்து கோணலாகி, கோடாகி, நின்றுபோகிறது. கை நடுக்கம் வந்த சமயம். அதற்கப்புறம் பட்லர் எழுதிய வரி மட்டும்.

132 மாதம். 7,92,000.

வக்கீல் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. இதில் பெரும்பகுதி கோர்ட்டுக்குச் செத்த கடன். கடைப் பற்று நோட்டில் அவர் கட்டியதையும் எழுதி வாங்கிவந்திருந்தேன், கூட்டிப் பார்த்தால் 1,16,500. என் பேனாவில் நீல மசிதான். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டேன்.

'சம்பள பாக்கி 7,92,000. மளிகைக்குக் கொடுத்தது 1,16,500. ஆக மொத்தம் 9,08,500. இதைத் தருகிறேன்.' தேதி. கையெழுத்து.

"எதுக்குப் பாப்பா இதெல்லாம்" என்றபடி வாங்கி, முந்தின பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "துரை கையெழுத்து பச்சையில இருக்கும்" என்றார். நோட்டைத் திரும்ப அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார்.

பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோர இடம். மங்களம்கொம்பு தாண்டும்போது தம்பி போன் பண்ணினான்.

"என்னக்கா, எல்லாம் பாத்துட்டியா? எவ்வளவு நிக்குது?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எதுலயும் கையெழுத்து போட்டுடலைல்ல?"

"சிக்னல் விட்டு விட்டு வருதுடா. கீழ போய்ப் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். பெரும்பாறை, வளைவுகள், சித்தரேவு. சித்தரேவில் நாலு கோடும் முழுசாகத்தான் இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.